வால்வடிக் கிறேஸ்

தீவுக் கிராமமான தோட்டவெளியில் கிறேஸ் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். ஒருத்தி சட்டை தைக்கிறாள். மூன்றாமவளை அடையாளம் சொல்லவேண்டுமானால் ஊர் வால்வடிக் கிறேஸ் என்று சொல்லும். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அவளுடைய வளவுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், அமிர்தநாயகத்தின் ஐஸ் பக்டரி. பள்ளிமுனை மீன்பிடித் துறைக்குப் போகும் ஐஸ் கட்டிகள் இங்கேதான் உறைகின்றன. பக்டரியின் பின்புறம் வாய் அகன்ற ஒரு கிணறு. அதிலிருந்து மோட்டர் இழுக்கும் தண்ணீர், கூரைக்கு மேலே அடுக்கியிருக்கும் குழாய்களின்மீது மழைபோலக் கொட்டும். கொம்பிறசரில் நெருக்குப்பட்டுச் சூடாகி வரும் அமோனியா வாயு அந்த மழையில்தான் ஆறும். மழை குறைந்தால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். அளவு தாண்டி ஏறினால் வாயு பீறிட்டு வெளியே வரும். அதன் மணம் ஒரு மூச்சு உள்ளே போனாலே கண்ணும் தொண்டையும் எரியும். அதற்குமேல் போனால் ஆளே மிஞ்சமாட்டான்.

ஆகையால் அந்த மோட்டர் நிற்கக்கூடாது. ஆனால் கிணறு தீவுக் கிணறு. இந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. அதற்குக் கீழே கடல். ஆறுதலாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். வலிந்து இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே எழும்பும். எழும்பினால் பக்டரிக் கிணற்றோடு நிற்காது, தெருவிலுள்ள அத்தனை கிணறும் உவர்த்துப் போகும்.

ஒரு தடவை அப்படி ஆனது. மீன் அள்ளு அள்ளென்று அள்ளிய பருவம். ஐஸ் போதாதென்று துறையில் சண்டை. அப்போதிருந்த மோட்டர்காரன் வால்வை முழுதாகத் திறந்து விட்டான். கொஞ்ச நாளில் பால் தேத்தண்ணீர் திரைந்தது. பிள்ளைகளின் தலையில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. வேலியோரத்து முருங்கைகள் இலை உதிர்த்தன. பக்டரி வாய்க்காலில் தண்ணீர் குடிக்க வரும் கழுதைகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அடுத்த மாரி பெய்து முடியும்வரை தெரு முழுக்க வாளிகளோடு தண்ணீர் பவுசர் வண்டிக்குக் காத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு தெரு பக்டரி வாசல் படலையை மறித்தது. கத்தோலிக்கக் கோயிலின் சுவாமி நடுவில் இருந்து பேசினார். வால்வு இனிப் பாதிக்கு மேல் திறப்பதில்லை என்றும், வால்வடியில் நிற்கும் ஆள் தெருவிலுள்ள ஆளாகவே இருக்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. யாரை வைப்பது என்பதில்தான் இழுபறி. சொன்ன பெயருக்கெல்லாம் ஒரு குற்றம் சொன்னார்கள். ஒருவன் முதலாளிக்குச் சொந்தம், ஒருத்தி ஐஸ் கட்டிக்குக் கை நீட்டுவாள், இன்னொருவன் குடிகாரன். கடைசியில் பாலேஸ்வரி எழும்பினாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலே பாதி வயதைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவள். தண்ணீர்க் குழாயடிச் சண்டைகளில் பழகிய வாய்.

"உந்தக் கிறேஸை வையுங்கோ. அவள் வாயும் திறக்கமாட்டாள், வால்வும் திறக்கமாட்டாள்."

எல்லோரும் சிரித்தார்கள். கிறேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். மறுப்புச் சொல்ல வாய் வராததால் அது சம்மதமாயிற்று.

வாய் வராதது அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் இடாப்புக் கூப்பிடும்போது பதில் சத்தமாக வராமல், வந்திருந்தும் வரவில்லை என்று குறிக்கப்பட்ட பிள்ளை அவள். எட்டாம் வகுப்பில் யுத்தத்தால் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து போனார்கள். திரும்பி வந்தபோது வகுப்பில் எல்லோரும் அவளைவிடச் சின்னவர்களாக இருந்தார்கள். அவள் போய் உட்காரவில்லை. பிறகு கொலின்ஸைக் கட்டினாள். அவன் பருவத்துக்குக் கிழக்குக் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்பவன், வருடத்தில் பாதி வீட்டில் இருப்பதில்லை. பேசாமலிருந்ததில் அவளுக்கு ஒன்று மட்டும் மிச்சமாயிற்று. கண். யார் எப்போது கிணற்றில் அள்ளுகிறார்கள், தண்ணீர் கிணற்றின் எந்தக் கொங்கிறீட் வளையத்தில் நிற்கிறது, மோட்டர் இன்றைக்கு எந்தக் குரலில் பாடுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

வால்வடியில் அவளுக்கென்று ஒரு வழக்கமும் வந்து சேர்ந்தது. மத்தியானத்தில்தான் தெரு முழுக்கத் தண்ணீர் அள்ளும். சட்டி கழுவுவார்கள், குளிப்பார்கள், தோய்ப்பார்கள். அந்நேரம் பக்டரிக் கிணற்றிலும் ஒரு வளையம் குறைந்துவிடும். அதனால் கோயிலில் மத்தியான மணி அடிக்கும்போது வால்வை இன்னும் இரண்டு சுற்றுப் பூட்டுவாள். பின்னேர மணிக்கு அந்த இரண்டு சுற்றையும் திறப்பாள். மணிக்கூடு பார்ப்பதில்லை. மணி கேட்டவுடன் கை நெற்றிக்குப் போகாது. உதடு செபத்தைச் சொல்லும், வலக்கை வால்வுச் சில்லைப் பிடித்துச் சுற்றும், அதற்குப் பிறகுதான் சிலுவை அடையாளம். இது தெருவுக்குத் தெரியும். கொம்பிறசர் ஓட்டி, அழுத்தமானியின் முள்ளைப் பார்க்கும் றெனால்டுக்கும் தெரியும். "கிறேஸக்காவின்ர செபத்துக்கு என்ர முள்ளு கொஞ்சம் ஏறும்" என்று அவன் பகிடி விடுவான். மோட்டர் தேவைக்கு மிஞ்சிய பெரிய மோட்டர் ஆனதால் அதற்குமேல் ஒன்றும் நடப்பதில்லை.

கறண்ட் விலை ஏறியதும் அந்தப் பெரிய மோட்டர்தான் முதலில் கண்ணில் பட்டது.

அமிர்தநாயகம் அவளைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை. கதவோரமாக நின்றாள்.

"பிள்ளை, நான் சுத்தி வளைக்கேல்லை. கறண்ட் பில் இப்பிடியே போனா நான் பக்டரியை விக்கத்தான் வேணும். ஆள் வந்து பாத்திட்டுப் போட்டான். வெளியூர் ஆள். அவனுக்கு உந்தக் கிணறு பத்தாதாம். மூலையில ஆழமாக் குழாய்க்கிணறு அடிக்கப்போறானாம்."

கிறேஸின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டத் தொடங்கியது.

"அவன் வால்வடிக்கு ஆள் வைக்கமாட்டான். சுவாமியோட பேசின பேச்சும் அவனுக்குத் தெரியாது. விளங்குதே?"

"ஓம் ஐயா."

"ஒரு வழி இருக்கு. ஒரு இன்ஜினியர் பெடியன் வாறான். மோட்டருக்கு ஒரு பெட்டி பூட்டிப் பாக்கப்போறான். சரிவந்தா நான் விக்கேல்லை. ஆனா வால்வை முழுக்கத் திறக்கவேணுமாம். தெருவுக்கு நீதான் எடுத்துச் சொல்லவேணும். நான் சொன்னா நம்பாயினம்."

"ஓம் ஐயா" என்றாள் கிறேஸ். 

அவள் சொல்லவில்லை. சொல்லத்தான் பாலேஸ்வரியின் வாசல்வரை போனாள். அங்கே பாலேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கிறேஸ் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மற்றொரு நாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லோரும் நின்றபோது வாயைத் திறந்தாள். அதற்குள் வேறு யாரோ பேசினார்கள். அப்படியே கிழமைகள் போயின. வால்வை முழுதாகத் திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி மட்டும் றெனால்டின் வாய் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. குழாய்க்கிணற்றுக் கதை போகவில்லை. அது கிறேஸிடமே கிடந்தது.

இன்ஜினியர் சாந்தரூபன் நானாட்டான் பக்கத்துப் பையன். வயல்காரர் வீட்டுப் பிள்ளை. வந்தவுடன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வால்வடிக் குழிக்குள் இறங்கி, குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"அக்கா, கை வையுங்கோ. நடுங்குது, என்ன?"

அவளுக்குத் தெரிந்த நடுக்கம்தான். வால்வின் இந்தப் பக்கம் குழாய் துடிக்கும், அந்தப் பக்கம் ஆறுதலாக இருக்கும். ஏன் என்று அவள் யோசித்ததில்லை.

"உங்கட வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர்தானே. எஞ்சினை முழு வேகத்தில விட்டிட்டு, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு வள்ளம் ஓட்டுவாரே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இல்லை என்று தலையாட்டினாள்.

"இஞ்ச அதுதான் நடக்குது. மோட்டர் முழுப் பலத்தோட தள்ளுது, வால்வு பிடிச்சு இழுக்குது. தண்ணி பாதிதான் வருது, கறண்ட் முழுக்கப் போகுது. நங்கூரத்தைத் தூக்குவம். எஞ்சினைக் குறைப்பம். வள்ளம் அதே வேகத்திலதான் போகும். அந்தப் பெட்டி மோட்டரை மெதுவாச் சுத்த வைக்கும். வாற தண்ணி இப்ப வாற அளவுதான், ஒரு சொட்டும் கூடுதலா வராது."

அவளுக்கு விளங்கியது. விளங்கியதோடு பயமும் வந்தது. தெருவுக்கு நங்கூரம்தான் தெரியும். எஞ்சினைப் பற்றி யார் சொல்வது?

"வால்வு எப்பவும் இதே நிலையிலதானே இருக்கும்?" என்று அவன் கேட்டான்.

"ஓம்" என்றாள். மத்தியான மணி அவளுடைய நினைவுக்கு வரவில்லை. சிலுவை அடையாளம் போடுவதை யாராவது வேலையென்று கணக்கில் சேர்ப்பார்களா?

பெட்டி பூட்டிய அன்று காலையிலேயே தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் பாலேஸ்வரி. படலையில் நின்ற காவலாளியை ஒரு பார்வையில் ஒதுக்கிவிட்டு நேரே கிணற்றடிக்கு வந்தாள்.

"ஆர் திறக்கப்போறது? முதலாளியோ, இந்தச் சின்னப்பிள்ளையோ?"

"நான் திறக்கேல்லை அம்மா" என்றான் சாந்தரூபன். "வால்வு கிறேஸக்காவின்ர பொறுப்பு."

எல்லாக் கண்ணும் கிறேஸ்மேல் விழுந்தன.

"திறப்பியாடி?" என்றாள் பாலேஸ்வரி.

கிறேஸ் சேலையை இழுத்துச் செருகினாள். குழிக்குள் இறங்கினாள். சில்லு இறுகிக் கிடந்தது. அத்தனை காலம் பாதிக்கு மேல் போகாத சில்லு. இரண்டு கையாலும் பிடித்துத் திருகியபோது துரு உள்ளங்கையில் அப்பியது. மேலே சாந்தரூபன் பெட்டியில் விரலை அழுத்தினான். மோட்டரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. உறுமல் போய் முனகலானது. அவள் கைக்குக் கீழே குழாயின் நடுக்கம் நின்றுபோயிற்று. அது அவளுக்கு எதையோ கைவிட்டது போல இருந்தது.

கூரையில் மழை கொட்டியது. முன்பிருந்த அதே மழை. கொம்பிறசர் அறைச் சன்னலில் றெனால்ட் தலையை நீட்டி, "முள்ளு அசையேல்லை!" என்று கத்தினான்.

"கிணத்தைப் பாருங்கோ" என்றாள் பாலேஸ்வரி. பெண்கள் கிணற்றுக் கட்டைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நின்ற வளையத்திலேயே நின்றது.  ஆனாலும் யாரும் நம்பவில்லை. ஒருத்தி வாளியை விட்டு அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப தெரியாது. உப்பு மெதுவாத்தான் வரும்" என்றாள்.

அமிர்தநாயகம் குடையைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். "இஞ்ச பார் தம்பி" என்றார் சாந்தரூபனிடம். "பின்னேரம்வரை ஓடவேணும். முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டா நான் எல்லாத்தையும் நிப்பாட்டுவன். உன்ர பெட்டியைக் கழட்டிக்கொண்டு போ. ஆக்களைப் பலி குடுத்து எனக்கு மிச்சம் பிடிக்கத் தேவையில்லை." அழுத்தம் ஏறினால் தானாக நிறுத்தும் சுவிட்ச் உப்புக்காற்றில் எப்போதோ செத்துவிட்டது. புதியது இன்னும் வந்து சேரவில்லை. அதனால் றெனால்ட் அன்றைக்கு முள்ளை விட்டு அசையக்கூடாது என்பது கட்டளை.

கிறேஸ் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். எல்லோருக்கும் தேத்தண்ணீர் வந்தது. பெண்கள் பக்டரித் தேத்தண்ணீரை வாங்கவில்லை. பாலேஸ்வரி மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, "சீனி போதாது" என்றாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது கிறேஸ் மறுபடி குழிக்குள் இறங்கி நின்றாள். கோயில் மணி அடித்தது.

கிணற்றடியில் எல்லோரும் எழும்பி நின்றார்கள். சைவக்காரி பாலேஸ்வரியும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றாள். அமிர்தநாயகம் குடையை மடக்கினார். கிறேஸ் உதட்டுக்குள் செபத்தைச் சொல்லி முடித்து, சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு குழியிலிருந்து மேலே வந்து வேப்பமர நிழலில் போய் நின்றாள்.

முதலில் குரல்தான் வித்தியாசப்பட்டது. மோட்டர் அல்ல, கொம்பிறசர். அதன் அடி கனத்தது. கிறேஸ் தலையை நிமிர்த்தினாள்.

"முள்ளு ஏறுது" என்றான் றெனால்ட் சன்னலில். பகிடிக் குரல் இல்லை.

சாந்தரூபன் ஓடினான். பெட்டியைப் பார்த்தான். அது சொன்னபடிதான் ஓடியது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். முனகல் உயர்ந்தது. முள் ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி ஏறியது.

"கூட்டிக் கூட்டிப் பழைய வேகத்துக்கே வருவாய் போல" என்றார் அமிர்தநாயகம். அவருடைய முகம் வேர்த்திருந்தது. "அப்ப இந்தப் பெட்டி என்னத்துக்கு?"

"வெயிலும் கூடத்தான் ஐயா. ஆனா இவ்வளவு ஏறக்கூடாது." சாந்தரூபன் கிணற்றடியைப் பார்த்துக் கேட்டான்: "வால்வு திறந்துதானே கிடக்கு?"

"திறந்துதான் கிடக்கு" என்றாள் பாலேஸ்வரி. "நீங்கள்தானே திறப்பிச்சனீங்கள்."

அவள் வால்வடிக் குழியின் விளிம்பில் இருந்தாள். கால் இரண்டும் குழிக்குள். சேலை அகல விரிந்து சில்லை மூடிக் கிடந்தது. அதுவரை கிணற்றுக் கட்டில் இருந்தவள் எப்போது இங்கே இடம் மாறினாள்?

கிறேஸ் கூரையைப் பார்த்தாள். மழை இல்லை. தூறல். குழாய்களின் ஒரு பக்கம் காய்ந்து, சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீர் ஏன் குறைந்தது? அவள் கையைப் பார்த்தாள். வலது உள்ளங்கையில் துரு. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை. கழுவிய பிறகு அவள் எதைத் தொட்டாள்?

மணி.

 உதடு செபத்தைச் சொன்னது நினைவிருந்தது. கை செய்தது நினைவில்லை. முழுப் பலத்தோடு தள்ளிய மோட்டருக்கு அந்த இரண்டு சுற்று ஒன்றுமில்லை. மெதுவாக ஓடும் மோட்டருக்கு அது கழுத்தை நெரித்தது போல. அதுவும் சில்லு இரண்டு சுற்றோடு நின்றதா, பழைய இடத்தைத் தேடி இன்னும் போனதா? கைக்குத்தான் தெரியும்.

பாலேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் சந்தேகத்துக்கு இடமில்லை. பூட்டியதைக் கண்டிருக்கிறாள். கண்டுதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பேசாமலிருந்தால் போதும். அவ்வளவுதான். முள் கோட்டைத் தொடும், றெனால்ட் நிறுத்துவான், பெட்டி கழன்று போகும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. அவளைப் பற்றித் தெரு நினைப்பதும் மாறாது. பிறகு ஒரு நாள் லொறியில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கும். மூலையில் இயந்திரத்தை நட்டு இரவு பகலாக மண்ணைத் துளைப்பார்கள். கழுதைகள் வாய்க்காலை முகர்ந்துவிட்டுத் திரும்பும்.

அவள் நடந்தாள். முற்றம் நீளமாக இருந்தது.

"எழும்புங்கோ பாலேசக்கா."

"என்னத்துக்கு?"

"நான் வால்வைப் பூட்டிப்போட்டன்."

"தெரியும்" என்றாள் பாலேஸ்வரி, உதட்டை அசைக்காமல். "பூட்டினது பூட்டினதாக் கிடக்கட்டும். போய் நிழலில நில். பெட்டி சரிவராட்டி அவங்கள் கொண்டு போவாங்கள். பழையபடி நீ வால்வடியில நிப்பாய், நாங்கள் நல்ல தண்ணி குடிப்பம்."

"கோட்டுக்குக் கிட்ட வந்திட்டுது!" என்று றெனால்ட் கத்தினான். அவனுடைய கை கொம்பிறசரை நிறுத்தும் சுவிட்சின்மேல் இருந்தது. காற்றில் லேசான ஒரு நெடி. மூக்கின் உள்ளே ஊசி குத்தியது போல. பெண்களில் ஒருத்தி தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு படலைப் பக்கம் ஓடினாள்.

"பழையபடி இல்லை" என்றாள் கிறேஸ்.

"என்ன?"

"பழையபடி இல்லை அக்கா!" சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கிணற்றடிப் பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். "இது சரிவராட்டி ஐயா பக்டரியை விக்கப்போறார். வாங்கிறவன் உந்த மூலையில குழாய்க்கிணறு அடிக்கப்போறான். ஆழமா. அவனுக்கு வால்வும் இல்லை, வால்வடியும் இல்லை, நானும் இல்லை. முழுக்க உப்பாப்போகும்."

 பாலேஸ்வரி அமிர்தநாயகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லையென்று சொல்லவில்லை.

"எப்ப தெரியும் உனக்கு?"

"கன நாள்."

"சொல்லேல்லையே பாவி!"

"வாய் வரேல்லை. எழும்புங்கோ, எழும்புங்கோ!"

பாலேஸ்வரி எழும்பவில்லை. குழிக்குள் குதித்தாள். கிறேஸும் குதித்தாள். சில்லு அசையவில்லை. குழாய் சூடேறிக் கிடந்தது. நான்கு கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தன. பாலேஸ்வரியின் வளையல் ஒன்று உடைந்து கிறேஸின் மணிக்கட்டைக் கீறியது. பிறகு சில்லு கிறீச்சிட்டு நகர்ந்தது. ஒரு சுற்று. இன்னொன்று. அதற்குமேலும் போனது. அவளுடைய கை இரண்டு சுற்றோடு நின்றிருக்கவில்லை.

"தம்பி, நிப்பாட்டாதை!" என்று பாலேஸ்வரி குழிக்குள்ளிருந்து றெனால்டுக்குப் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும். "தண்ணி வருது, நிப்பாட்டாதை!"

கூரையில் முதலில் சலசலப்பு. பிறகு மழை. காய்ந்து கிடந்த குழாய்களில் தண்ணீர் பட்டதும் வெள்ளைப் புகையாக ஆவி எழுந்தது.  சன்னலில் றெனால்டின் முதுகு மட்டும் தெரிந்தது. அது அசையாமல் நின்றது.

"நிக்குது" என்றான்.

கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

"இறங்குது."

அமிர்தநாயகம் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். சாந்தரூபன் பெட்டியின் வேகத்தைக் காலையில் இருந்த அளவுக்குக் குறைத்தான்.  முள் இறங்கிக்கொண்டே போய்க் காலையில் நின்ற இடத்தில் நின்றது.

கிறேஸ் குழியிலிருந்து ஏறி வந்து அவன் முன்னால் நின்றாள். "நான்தான் சேர் பூட்டினனான். மணி அடிச்சா நான் ரெண்டு சுற்றுப் பூட்டிறனான். வழமை. கை தன்பாட்டில போட்டுது."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். கிணறு குறையிற நேரம்."

அவன் நெற்றியைத் துடைத்தான். "நீங்கள் சொல்லேல்லை. நானும் கேட்ட கேள்வி போதாது. ஒரு நாள் முழுக்க இஞ்ச நிண்டு பாத்திருக்கவேணும்." கிணற்றை எட்டிப் பார்த்தான். தண்ணீர் ஒரு வளையம் குறைந்துதான் இருந்தது. "மத்தியானம் குறைக்கத்தான் வேணும் போல. வால்வில வேண்டாம், பெட்டியிலயே குறைக்கலாம். ஆனா வெயில் நேரம். எவ்வளவு குறைச்சா முள்ளும் ஏறாது, கிணறும் இறங்காது எண்டு நாளைக்கு ரெண்டு பேருமாப் பாப்பம். நீங்கள் கிணத்தைப் பாருங்கோ, நான் முள்ளைப் பாக்கிறன்."

"அப்ப அந்தப் பெட்டியை ஆர் வேணுமெண்டாலும் கூட்டலாமோ?" பாலேஸ்வரி உடைந்த வளையல் துண்டை மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "மீன் பருவம் வந்தா முதலாளியே ராவில வந்து கூட்டினா?"

"வேகம் இதுக்கு மேல போகாமப் பூட்டலாம். பெட்டிக் கதவுக்கும் பூட்டும் திறப்பும் இருக்கு."

"திறப்பு ஆரிட்ட?"

அமிர்தநாயகம் கல்லிலிருந்து சொன்னார்: "முதல்ல கறண்ட் பில் வரட்டும். வந்து நான் பாத்து..."

"பில் வாறது வரட்டும். திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டனான்."

அவர் கிறேஸைப் பார்த்தார். அவள் வழக்கம்போலத் தலையைக் குனியப் போனாள். குனியவில்லை.

"என்னட்ட தாங்கோ ஐயா" என்றாள். "நீங்கள் விக்கிறதெண்டாலும், வாறவனிட்டயும் நான்தான் குடுப்பன். தெருவைக் கேட்டிட்டு."

றெனால்ட் சன்னலுக்குள் சிரித்தான். அமிர்தநாயகம் சிரிக்கவில்லை. ஆனால் சாந்தரூபனைப் பார்த்துக் கையை அசைத்தார். அவன் பெட்டிக் கதவிலிருந்து சின்னத் திறப்பைக் கழற்றி அவளுடைய துரு அப்பிய கையில் வைத்தான்.

பின்னேரம் ஆவதற்குள் செய்தி தெரு முழுக்கப் பரவி, பரவியபோதே திரிந்துபோயிருந்தது. பக்டரி வெடித்துவிட்டது என்றார்கள். கிறேஸ் முதலாளியிடம் விலை போய்விட்டாள் என்றார்கள். கடல்தொழிலால் திரும்பி வந்த ஆண்களும் தண்ணீருக்கு வந்த பெண்களும் படலையடியில் கூடிவிட்டார்கள். பாலேஸ்வரி முன்னால் நின்றாள். எல்லோரும் அவளுடைய வாயைத்தான் பார்த்தார்கள்.

"என்ன நடந்தது, சொல்லன்!"

பாலேஸ்வரி கிறேஸின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "நான் சொல்லமாட்டன். தெரிஞ்சவள் இவள். கேளுங்கோ."

 எத்தனையோ கண்கள். கூட்டத்தின் பின்னால், வாய்க்காலோரம் இரண்டு கழுதைகள் வந்து நின்றன. அவை இன்றைக்குக் குடிப்பதிலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. உப்பு வருமா வராதா என்பது அடுத்த கோடை வந்து போனால்தான் தெரியும். அதுவரை இந்தக் கண்கள் அவளை விடப்போவதில்லை.

கோயில் மணி அடித்தது. கூட்டம் அமைதியானது. அவளுடைய வலக்கை தானாக எழும்பியது. அவள் அதை இடக்கையால் பிடித்துக்கொண்டாள். கைக்குள் திறப்பு உறுத்தியது. மணி ஓயும்வரை அப்படியே நின்றாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, பின்வரிசைக்கும் கேட்கும்படி தொடங்கினாள்.

"மத்தியானம் வால்வைப் பூட்டினது நான்தான். ஆனா அதுக்கு முதல் உங்களுக்குச் சொல்லவேண்டிய ஒண்டைச் சொல்லாம விட்டனான்."